எழுதியவர் பெயரும் சைன்-ஆஃப் வரியும்: வாசகர் கேள்வி-பதில்

கே: எங்கள் திறமூலத் திட்டத்துக்கு ஒருவர் பேட்ச் (நிரலில் செய்யவேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) அனுப்பிவிட்டு ஆறு மாதமாகப் பதிலே போடவில்லை. அதன் பிழைகளை நான் திருத்தி, சோதனைகளும் எழுதியிருக்கிறேன். ஆசிரியராக யார் பெயர் வரவேண்டும்? அவருடைய சைன்-ஆஃப் வரியையும் நானே போட்டுவிடலாமா?

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போடவே கூடாது. ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி ஓர் உறுதிமொழி. “இது நான் எழுதியது, அல்லது உரிய உரிமத்தில் வெளியானதை ஒட்டி உருவாக்கியது, அல்லது இப்படி உறுதியளித்த ஒருவரிடமிருந்து வந்து நான் மாற்றாமல் அனுப்புவது, இதைத் தர எனக்கு உரிமை உண்டு” என்பது அதன் பொருள். ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் 2003-ல் வழக்குத் தொடுத்தபோது லினக்ஸ் நிரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. அதையடுத்து 2004-ல் லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) வந்ததுதான் இந்த நடைமுறை. பிறர் சார்பில் அந்த வரியை நீங்கள் எழுதினால், அவர் தராத உறுதியை அவர் பெயரில் பதிவு செய்தவர் ஆகிறீர்கள்.

அவர் அனுப்பிய பேட்சிலேயே அந்த வரி இருந்தால் அப்படியே வைத்திருங்கள். நீங்கள் எவ்வளவு மாற்றியிருந்தாலும் நீக்காதீர்கள். இல்லையென்றால் அவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் வராதபட்சத்தில், அவருடைய நிரலைப் பார்க்காத வேறொருவர் அந்த வேலையைப் புதிதாக எழுதுவதே பாதுகாப்பு. அவர் பொதுவெளியில் முன்வைத்த யோசனைக்கு ‘சஜெஸ்டட்-பை’ (யோசனை சொன்னவர்) வரி போடலாம்.

இனி ஆசிரியர் பெயர். நிரலின் கரு அவருடையது என்றால் ஆசிரியர் அவர்தான். இது பெரும்பாலும் தவறிப்போவது கை வேகத்தில்: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில், பேட்சை ‘கிட் அப்ளை’ கொண்டு ஒட்டி, பிறகு கமிட் செய்தால் (வரலாற்றில் பதிந்தால்) ஆசிரியர் இடத்தில் உங்கள் பெயர் விழும். ‘கிட் ஏஎம்’ பயன்படுத்தினால் மின்னஞ்சலின் ‘ஃப்ரம்’ வரியிலுள்ள பெயர் ஆசிரியராகவும், உங்கள் பெயர் கமிட்டராகவும் (பதிவு செய்தவராகவும்) பதியும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? ‘கிட் கமிட் --அமெண்ட் --ஆதர்’ என்று கொடுத்து, மேற்கோள் குறிக்குள் பெயரையும் கோண அடைப்புக்குள் மின்னஞ்சலையும் எழுதுங்கள். ‘கிட் லாக் --ஃபார்மேட்=ஃபுல்லர்’ இரண்டு பெயர்களையும் தனித்தனியே காட்டும்; அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பங்கு சின்னத் திருத்தம் என்றால், அவருடைய சைன்-ஆஃபுக்குக் கீழே சதுர அடைப்புக்குள் உங்கள் மின்னஞ்சலும் மாற்றத்தின் ஒருவரி விளக்கமும் எழுதி, அடுத்த வரியில் உங்கள் சைன்-ஆஃப் போடுங்கள். பெரிய பங்கு என்றால் கெர்னல் வழக்கப்படி வரிசை இது: அவருடைய சைன்-ஆஃப், உங்கள் பெயரில் ‘கோ-டெவலப்ட்-பை’ (இணைந்து உருவாக்கியவர்), அதை ஒட்டியே உங்கள் சைன்-ஆஃப். கடைசி சைன்-ஆஃப் எப்போதும் அனுப்புகிறவருடையது.

அவர் பேட்ச் ஒரு கமிட், உங்கள் திருத்தம் அதன்மேல் இன்னொரு கமிட் என்று பிரிப்பதே எனக்குப் பிடித்த வழி. யார் எதை எழுதினார்கள் என்பது அப்போது வரிக்கு வரி தெரியும். ஆனால் அவருடைய பேட்ச் தனியாக நின்றால் கம்பைலே ஆகாது என்றால் பிரிக்காதீர்கள்; பிற்பாடு ‘பைசெக்ட்’ செய்து (பழைய கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து) பிழை தேடுபவர் அந்த இடத்தில் சிக்கிக்கொள்வார்.

கே: கமிட்டில் ‘-எஸ்’ போட்டேன், ஆனாலும் “கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை” என்றே வருகிறது. ஏன்?

ப: சிறிய எஸ் வேறு, பெரிய எஸ் வேறு. சிறியது சைன்-ஆஃப் வரியைச் சேர்க்கும். பெரியது ஜிபிஜி போன்ற மறையாக்கக் கருவியின் சாவியால் மறையாக்கக் கையொப்பம் இடும். திட்டம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். சில இரண்டையும் கேட்கும்.

கடைசி மூன்று கமிட்டுகளில் சைன்-ஆஃப் விட்டுப்போயிருந்தால் ‘கிட் ரீபேஸ் --சைன்ஆஃப் ஹெட்~3’ போதும். ஆனால் அந்த மூன்றில் மற்றவர் எழுதியது இருந்தாலும் உங்கள் பெயர்தான் சேரும். அவருடைய உறுதிமொழிக்கு அது ஈடாகாது.

கே: ‘கோ-ஆதர்ட்-பை’ எழுதியும் கிட்ஹப்பில் (கிட் திட்டங்களை வைக்கும் இணையதளத்தில்) இணை ஆசிரியர் தெரியவில்லை.

ப: அந்த வரிகள் கமிட் செய்தியின் கடைசிப் பத்தியாக இருக்க வேண்டும்: மேலே ஒரு வெற்று வரி, தமக்குள் வெற்று வரி கூடாது, கீழே வேறு வாக்கியமும் கூடாது. இவை சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் மின்னஞ்சலைப் பாருங்கள். அவருடைய கிட்ஹப் கணக்கில் சேர்த்த முகவரியாக இருந்தால்தான் கணக்கோடு இணையும். முகவரியை அவரிடமே கேட்டு வாங்குங்கள்; பலர் தங்கள் சொந்த முகவரியை வெளிக்காட்ட விரும்புவதில்லை, பொதுப் பதிவில் ஏறிய பின் அதை அழிப்பதும் கடினம்.

கே: தவறான ஆசிரியர் பெயருடன் முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டது. மாற்ற முடியுமா?

ப: வரலாற்றைத் திருத்தி எழுதினால் அந்தக் கமிட் முதல் எல்லா அடையாள எண்களும் மாறி, பிறருடைய நகல்கள் பிசகும். ஒரே ஆளின் பெயர் எழுத்துப்பிழை அல்லது பழைய மின்னஞ்சல் என்றால் ‘.மெயில்மேப்’ கோப்பில் (பெயர், மின்னஞ்சல்களின் சரியான வடிவத்தைச் சொல்லும் கோப்பு) ஒரு வரி போதும். கமிட்டுகளை ஆசிரியர்வாரியாகப் பட்டியலிடும் ‘கிட் ஷார்ட்லாக்’ அதைப் பின்பற்றும். வேறொருவரின் உழைப்பு உங்கள் பெயரில் ஏறிவிட்டதென்றால் மெயில்மேப் உதவாது. அந்தக் கமிட்டை ‘ரிவர்ட்’ செய்து (அதன் மாற்றத்தை நீக்கும் புதிய கமிட் போட்டு), சரியான ஆசிரியர் பெயருடன் மீண்டும் சேர்த்து, காரணத்தைச் செய்தியில் எழுதுங்கள். வரலாற்றில் இரண்டு கமிட் கூடும். அவருக்குச் சேரவேண்டியது அவர் பெயரில் நிற்கும்.