வாசகர் கேள்வி-பதில்: மண்டியாவில் பேரன் தோற்றது ஏன்?

கேள்வி: கர்நாடகத்தின் பெரிய வேளாண் சாதியான ஒக்கலிகர் ஓட்டு முன்னாள் பிரதமர் தேவகவுடா குடும்பத்துக்குத்தான் என்கிறார்களே, ஒக்கலிகர் நிறைந்த மண்டியாவில் 2019இல் பேரன் நிகில் தோற்றது எப்படி? (வாசகர், ஓசூர்)

சாதி ஓட்டு, பட்டா போலத் தாத்தா பெயரிலிருந்து பேரன் பெயருக்கு மாறுவதில்லை. 2018இல் மண்டியா மக்களவைத் தொகுதிக்குள் வரும் 8 சட்டமன்ற இடங்களையும் தேவகவுடாவின் கட்சியான மதச்சார்பற்ற ஜனதா தளம்தான் பிடித்தது. மறு வருடமே, நிகிலின் அப்பா குமாரசாமி காங்கிரஸ் கூட்டணியோடு முதல்வராக இருக்கும்போதே, சுயேச்சையாக நின்ற சுமலதா 1.25 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சுமலதா, மறைந்த நடிகர் அம்பரீஷின் மனைவி. அம்பரீஷ் மண்டியாக்காரர், ஒக்கலிகர். "இவர் கவுடர் (ஒக்கலிகர்) இல்லை, நாயுடு" என்று தளத்தினர் பேசிப் பார்த்தார்கள். ஊர் மருமகளிடம் சாதி கேட்டது எடுபடவில்லை. சுமலதா என்ற பெயரிலேயே இன்னும் 3 பேர் களத்தில் இருந்தார்கள். அதுவும் அவரைத் தடுக்கவில்லை. பா.ஜ.க. ஆள் நிறுத்தாமல் அவரை ஆதரித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி காங்கிரஸ் தொண்டர்களால் விழுந்தது. காலமெல்லாம் தளத்தோடு மோதியே கட்சி வளர்த்தவர்கள், மேலிடம் கூட்டணி என்றதும் தளத்துக்கு ஓட்டுக் கேட்கப் போகவில்லை. ஒரே சாதியின் இரண்டு வீடுகள் மோதும்போது தலித், குருபர் (ஆடு மேய்க்கும் சமூகம்), முஸ்லிம் ஓட்டுகள்தான் தராசை இறக்கும். சாதிக் கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: தேர்தல் இல்லாத நாளில் குடும்பத்தின் பிடி எப்படி நிற்கிறது? (வாசகர், சேலம்)

குடும்பத்தின் சொந்த மாவட்டமான ஹாசனில் பாலைப் பாருங்கள். தேவகவுடாவின் இரண்டாவது மகன் ரேவண்ணா அங்கே பால் ஒன்றியத் தலைவராகப் பல காலம் இருந்தவர். விவசாயி காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றுகிறார். கொழுப்பு உள்ளிட்ட தரத்தைப் பார்த்துத்தான் காசு. கட்சிக் கொடி இல்லாத ஊரிலும் பால் சங்கம் உண்டு. அதன் நிர்வாகக் குழுத் தேர்தலைக் கவனிக்காமல் ஹாசனைக் கணிக்கவே கூடாது.

சிக்கல், வாரிசுகள் பெருகும்போது வருகிறது. 2023இல் ஹாசன் நகரத் தொகுதியை ரேவண்ணாவின் மனைவி பவானி கேட்டார். குமாரசாமி இசையவில்லை, சீட்டு வாங்கி ஜெயித்தவர் ஸ்வரூப் பிரகாஷ். அவரும் முன்னாள் எம்.எல்.ஏ. மகன்தான்!

கேள்வி: அப்படியானால் குடும்பச் செல்வாக்கு முடிந்ததா? (வாசகர், கோவை)

இல்லை. 2024இல் குமாரசாமியே மண்டியாவில் நின்று ஜெயித்தார். ஆனால் அவர் காலி செய்த சென்னபட்டணா சட்டமன்றத் தொகுதியில் நிகிலுக்குத் தோல்வி, மூன்றாவது முறையாக. அதற்கு முன்பே, 2023இல் காங்கிரஸின் ஒக்கலிகத் தலைவர் டி.கே. சிவகுமார் முதல்வராகலாம் என்ற நம்பிக்கை ஒக்கலிகரிடம் பரவிய தேர்தலில், தளம் 37 இடத்திலிருந்து 19க்கு இறங்கியிருந்தது.