பாட்டி பாடிய நான்கு வரி

அன்புள்ள அக்கா,

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் போடுகிறோம். இதுவரை இரண்டு வீடியோ வந்திருக்கிறது. இரண்டாவதற்கு டிரோன், வாடகைக் கேமரா, கலரிங் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆனது. ஆறாயிரம் வியூஸ்கூடத் தாண்டவில்லை. அடுத்து ஏழு பாட்டுள்ள ஆல்பம் போடலாம் என்றிருக்கிறோம். சென்னையில் பாட்டு வெளியிடும் ஒரு லேபிள் கம்பெனியிடம் பேசினால் 'மலையாள வாடை அடிக்கிறது' என்கிறார்கள். கொச்சியில் 'இது தமிழ்ப்பாட்டு, இங்கே எடுபடாது' என்கிறார்கள். நாங்கள் எந்த மொழியில்தான் பாடுவது? ஆல்பமாகவே போடுவதா, ஒவ்வொரு பாட்டாக விடுவதா? வீடியோவுக்கு இன்னும் செலவு செய்ய வேண்டுமா?

இரண்டாவது பாட்டின் நடுவில் வரும் பாட்டி குரல் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வேலந்தாவளம் பக்கம் ஒரு பாட்டி களை எடுக்கும்போது பாடியது. போனில் பிடித்து லூப் ஆக்கினோம். அவருக்கு ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்தோம். இணைப்பு அனுப்பியிருக்கிறேன். பிடித்திருந்தால் உங்கள் தளத்தில் பகிர வேண்டும்.

ர.

*

அன்புள்ள தம்பி,

பாட்டைக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். நன்றாக இருக்கிறது. அந்தத் தாளக்கட்டு யாருடைய யோசனை என்று தெரியவில்லை, அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மொழிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது எனக்குப் பெரிய கேள்வியாகவே படவில்லை. வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே பாடுங்கள். உங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில் கூத்துமாடங்களில், புலவர் என்று அழைக்கப்படும் பாவைக்கூத்துக்காரர்கள் இன்றைக்கும் கம்பன் பாட்டைப் பாடித்தான் தோல்பாவையை ஆட்டுகிறார்கள். விளக்கம் சொல்லும்போது தமிழும் மலையாளமும் கலந்துதான் வருகிறது. உங்கள் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டுப் போட்டபோது தமிழ்நாடு வாடை பார்க்கவில்லை. கேரளத்து ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த காலத்தில் 'அவியல்' குழு மலையாளத்திலேயே பாடி 2008ல் ஆல்பம் கொண்டுவந்தது. லேபிள்காரர் சொல்வதைக் கேட்டு நாக்கை மாற்றிக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதம் அவரே வேறு சொல்வார்.

டிரோன் வேண்டாம். கரும்பனை வரிசையை மேலிருந்து பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. 2024ல் ராப் பாடகர் ஹனுமான்கைண்டின் பாட்டு ஒன்று உலகம் சுற்றியதே, அந்த வீடியோ எடுத்தது பொன்னானியில், மரணக்கிணற்றுக்குள். உங்கள் சித்தூர்ப் புழைத் தண்ணீர் கடலில் போய்ச் சேருகிற அதே பொன்னானி. அங்கே பாட்டும் இடமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. உங்கள் வீடியோவில் வயல் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காகத்தான். 'போனில் பிடித்து லூப் ஆக்கினோம். ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்தோம்.'

வீடியோவின் கீழே உள்ள விவரத்தைப் படித்துப் பார்த்தேன். இசை, வரிகள், ராப், கிட்டார், மிக்ஸிங், ஒளிப்பதிவு, டிரோன், கலரிங், போஸ்டர், எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. கார் கொடுத்து உதவிய நண்பருக்குக்கூட நன்றி இருக்கிறது. பாட்டி குரலுக்கு நேரே 'பாரம்பரியம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாளுக்குப் பெயர் இல்லையா தம்பி?

கொஞ்ச காலமாகவே இதை நினைத்து மனம் பொறுக்காமல் இருக்கிறேன். சினிமாவைச் சாராத பாட்டு என்று பெருமையாக வருகிற வீடியோக்களில் இப்போது ஒரு கிழவியின் குரலோ ஒரு பறையடியோ இல்லாமல் ஒன்றும் வருவதில்லை. சினிமாக்காரன் எங்கள் உழைப்பைத் தின்கிறான் என்று மேடையில் பேசுகிற பிள்ளைகள்தான் இவர்களும். அந்தக் குரல் யாருடையது என்று தேடினால் கிடைக்காது.

உங்கள் பாட்டில் அந்த அம்மாள் பாடுவது என்ன? 'திருப்பூரு பஸ்ஸேறிப் போனவனே, திரும்பி வர வழியென்ன மறந்ததா.' இதையா பாரம்பரியம் என்கிறீர்கள்? மெட்டு பழையதாக இருக்கலாம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் பையன்கள் பஸ்ஸேறிப் போனது எந்தக் காலத்தில்? அந்த வரி அவருடையது. அவர் மகனோ பேரனோ போயிருக்கிறான். களை எடுக்கும்போது நெஞ்சில் இருந்தது வாயில் வந்திருக்கிறது. உங்கள் ராப் வரிகளை எழுதியவர் பாடலாசிரியர் என்றால் அவரும் பாடலாசிரியர்தான். சொல்லப்போனால் மொத்தப் பாட்டிலும் நினைவில் நிற்கிற வரி அது ஒன்றுதான்.

வயலில் பாடுகிற பாட்டு யாருடையதும் இல்லை என்று நினைப்பது வயலில் இறங்காதவர்களின் நினைப்பு. என் பெரியம்மா நடவுக்குப் போனால் அவள்தான் பாட்டெடுப்பாள். மூலத்தறைக் கால்வாயில் தண்ணீர் பிந்தினால் அது பாட்டில் வரும். பாதிக் கூலி கொடுத்த நிலக்காரனும் வருவான். பின்னால் பாடுகிற பெண்களுக்கு எது அவள் கட்டியது, எது அவள் அம்மா கட்டியது என்று தெளிவாகத் தெரியும். பக்கத்து வயல்காரி அதை எடுத்துப் பாடினால் 'அது அவ பாட்டாச்சே' என்பார்கள்.

1980களில் ஒருநாள் டவுனிலிருந்து கேசட் போடுகிறவர்கள் வந்தார்கள். கோயில் ஆலமரத்தடியில் பெண்களை உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துப் போய்விட்டார்கள். பிறகு டீக்கடையில் அந்தக் கேசட் ஓடியது. பெரியம்மா, 'அது என் தொண்டைதான்' என்று கடைக்காரரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. கேசட்டை வாங்கி என்னிடம் கொடுத்து, 'எம் பேரு எங்க போட்டிருக்கு, படி' என்றாள். முன்னால் யாரோ ஒரு பெண்ணின் படம், பின்னால் ஒரு குழுவின் பெயர். இல்லை என்றேன். 'நல்லாப் பாத்துப் படி' என்றாள். நான் மறுபடி படித்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் எனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேசட்காரர்களுக்காவது அட்டையில் இடம் குறைவு என்று சாக்கு இருந்தது. உங்களுக்கு என்ன சாக்கு?

பெயர் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அட்டப்பாடியின் நஞ்சியம்மா 2020ல் ஒரு மலையாளப் படத்துக்கு இருளர் மொழியில் பாடினார். பாடியவர், வரிகள் என்று இரண்டிலும் அவர் பெயர் இருந்தது. 2022ல் தேசிய விருது அறிவித்தபோது அது அவரைத் தேடிப் போனது. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். விருது யாருக்கு என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை. 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தால் அந்த விருதை யார் போய் வாங்கியிருப்பார்கள்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் செய்த திருத்தத்தின்படி, பாடியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படுகிற உரிமை பாடியவருக்கு உண்டு. வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டியும் உண்டு. பதிவு செய்யவே அவர் சம்மதம் வேண்டும். கேட்டுவிட்டுத்தான் போனை நீட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. 2021ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அடுத்த ஆண்டு ஊரறியச் சர்ச்சை நடந்தது. எல்லோரும் பெயர் தெரிந்தவர்கள், தங்கள் தரப்பை எழுதத் தெரிந்தவர்கள். வேலந்தாவளத்துப் பாட்டி எங்கே போய் எழுதுவார்?

புடவை சம்பளம் ஆகாது. 'பணம் வந்தால் பங்கு தருகிறோம்' என்றும் சொல்லாதீர்கள், அது வராது. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பணமே தருவதில்லை. யூட்யூபில் விளம்பரப் பணத்துக்கு ஆயிரம் சந்தாதாரர், நாலாயிரம் மணி நேரப் பார்வை என்று கணக்கிருக்கிறது. ஆகவே இப்போதே கையில் பணமாகக் கொடுங்கள். டிரோன்காரருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். பாட்டு ஓடினால் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் மகளோ மருமகளோ கூட இருக்கும்போது வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் பாடியவர், வரிகள் என்ற இரண்டு இடத்திலும் அவர் பெயரைச் சேருங்கள். ஏற்கெனவே வெளியான பாட்டுக்கும் அதைத் திருத்த முடியும். யூட்யூப் விவரத்தை இன்று இரவே திருத்தலாம், ஐந்து நிமிட வேலை. நாளைக்கு ஒரு லேபிள் பாட்டை வாங்க வந்தால் அவர் பெயர் உள்ளே இருக்கும். இல்லையென்றால், அவர் பேரன் அதே பதிவை யூட்யூபில் போட்டாலும் லேபிள் உரிமை கோரிவிடும். தன் பாட்டியின் குரலைப் போட்டதற்கு அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான். நீங்கள் திறமையான பிள்ளைகள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். வயலில் கேட்ட குரலை நின்று கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது எல்லோருக்கும் தோன்றுவதில்லை.

ஆல்பமா, தனித்தனியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பாட்டைத் தனியாக விடுங்கள், பிறகு ஏழையும் சேர்த்துப் போடுங்கள். வீடியோ ஒன்றுக்கு மட்டும் எடுத்தால் போதும். மிச்சப் பணத்தை மிக்ஸிங்கில் போடுங்கள், இரண்டாவது பாட்டில் பேஸ் குரலை அமுக்குகிறது.

பாட்டியின் பெயரைச் சேர்த்ததும் இணைப்பை மறுபடி அனுப்புங்கள். அதுவரை இந்தப் பாட்டை இங்கே பகிர மாட்டேன்.

அன்புடன்,
அக்கா