மரத்தூண் தீயில் எவ்வளவு நேரம் தாங்கும்?

கேள்வி: நார்வேயில் மியோஸ்டோர்னெட் என்ற 18 மாடிக் கட்டடத்தை மரத்தூண்கள் வைத்தே கட்டியிருக்கிறார்கள். தீப்பிடித்தால் எல்லாம் சாம்பல்தானே? எந்தத் தைரியத்தில் கட்டுகிறார்கள்?
— கட்டடக்கலை மாணவி ஒருவர்

பதில்: கரி கொடுக்கும் தைரியம்தான். என் மேசையில் பாதி எரிந்த பைன் கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்து வைத்திருக்கிறேன். வெளியே பாளம் பாளமாக வெடித்த கரி. அதை ஒட்டி மெல்லிய பழுப்புப் பட்டை. அதையும் தாண்டினால் இழைப்புளி போட்ட பலகை போல வெளிர் மஞ்சள் மரம், கொஞ்சமும் வாடாமல் இருக்கிறது. கரிக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள எல்லையை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

சூட்டில் மரம் சிதைந்து வாயுவாக வெளியேறுகிறது. தழலாக எரிவது அந்த வாயுதான். மிஞ்சும் கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் தடித்த தூண் நிதானமாகத்தான் கருகும். பலகைகளை அடுக்கி ஒட்டிய ஊசியிலை மரத்தூணுக்கு ஐரோப்பிய விதி நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் என்கிறது. ஒரு மணி நேரத்தில் 42. சூடேறி வலுவிழந்த மரத்துக்காக இன்னொரு 7 கழிப்பார்கள். 40 சென்டிமீட்டர் தூண் நாலு பக்கமும் எரிந்தாலும் நடுவில் 30 சென்டிமீட்டர் நிற்கும். அந்த மிச்சம் சுமையைத் தாங்குமா என்று பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள்.

இது சராசரிக் கணக்கு. உள்ளே நடப்பதைச் சமன்பாடாக எழுதிய முன்னோடிகள் பாம்ஃபோர்டு, கிராங்க், மாலன் மூவரும்; ஆண்டு 1946. வெப்பம் ஊடுருவுவதையும், சூடு ஏற ஏற மரம் வேகமாகச் சிதைவதையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிஸ் நிக்கல்சனுடன் சேர்ந்து, வெப்பம் பரவும் சமன்பாட்டை எண்களால் படிப்படியாகத் தீர்க்கும், கல்லூரியில் நீங்கள் படிக்கும் கிராங்க்–நிக்கல்சன் முறையைத் தந்தவரும் இதே கிராங்க்தான்!

இன்று மரத்தை அதன் முக்கியக் கூறுகளான செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று பிரித்து, ஒவ்வொன்றும் சிதைவதற்குத் தனி வேகம் கொடுத்துக் கணினியில் கணக்கிடுகிறோம். அந்த வேகங்கள் பெரும்பாலும் சில மில்லிகிராம் தூளைச் சூடாக்கி, எடை குறைவதை அளந்து எடுத்தவை. தூளில் கரி விரிசல் விடாது. பசை இளகிப் பலகை கழன்று விழாது. நிஜத் தீயில் இரண்டும் நடக்கும், புது மரம் நேராகத் தழலுக்கு முகம் காட்டும். எனக்குக் கவலை இங்கேதான். யாராவது மென்பொருள் வரைபடத்தைக் காட்டினால், கரியின் வெப்பக் கடத்துதிறனுக்கு என்ன எண் போட்டார்கள், கரி உதிர்வதைச் சேர்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.