மருத்துவமனையில் முதியவர்கள்: உடல் வசதியும் சுயமரியாதையும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முதியோர் மருத்துவம் தொடர்பாக இம்முறை வந்த கேள்விகளில், நோயைப் பற்றியவற்றைக் காட்டிலும் மருத்துவமனையில் பெரியவர்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றியவையே அதிகம். பலர் "சிகிச்சை நன்றாகத்தான் நடக்கிறது, இதைப் போய்க் கேட்கலாமா" என்ற தயக்கத்துடன் எழுதியிருக்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். முதியவர் ஒருவரின் உறக்கமும், அவர் கழிப்பறைக்குச் செல்லும் வசதியும், அவரோடு நாம் பேசும் முறையும் சிகிச்சையின் பகுதிகளே. அவற்றில் ஏற்படும் குறை பல நேரங்களில் புதியதொரு நோயாகவே வந்து நிற்கிறது.

கேள்வி: நிமோனியாவுக்காக அனுமதிக்கப்பட்ட 79 வயதான என் தந்தை, இரண்டாம் நாள் இரவு முதல் என்னையே யார் என்று கேட்கிறார். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். காலையில் ஓரளவு தெளிந்துவிடுகிறார். வீட்டின் வரவு செலவு முழுவதையும் அவரே பார்த்து வந்தவர். இது மறதிநோயின் தொடக்கமா? இரவில் அவர் கைகளைக் கட்டிவிடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறதிநோய் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல வளர்வது. ஒன்றிரண்டு நாள்களில் தோன்றி, பகலில் தணிந்து இரவில் முற்றுகிற இந்த நிலை பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமாகவே இருக்கும். இதை வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. உடலுக்குள் ஏதோ ஒன்று சரியில்லை என்பதற்கான அவசர அறிகுறி இது. வார்டில் உள்ளவர்கள் உங்கள் தந்தையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதால், அவர் எப்போதும் இப்படித்தான் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே, "மூன்று நாள்களுக்கு முன்பு வரை இவர் முழுத் தெளிவோடு இருந்தார்" என்பதை மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

அவருக்குக் காரணம் நுரையீரல் தொற்றாகவே இருக்கலாம். அதோடு ஆக்ஸிஜன் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், அடக்கப்படாத வலி, தூக்கமின்மை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்கிய மருந்துகளின் பட்டியலையும் கேளுங்கள். சில வகைத் தூக்க மாத்திரைகளும், ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய வகை மருந்துகளும் முதியவர்களைக் குழப்பத்தில் தள்ளக்கூடியவை. அதேபோல, அவர் வீட்டில் வழக்கமாக மதுவோ தூக்க மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்து அது திடீரென நின்றுபோயிருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

இந்த நிலையைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷரன் இனோயி தலைமையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளில், வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் ஏற்பட்டது. கூடுதல் கவனிப்பைப் பெற்றவர்களில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கூடுதல் கவனிப்பில் விலையுயர்ந்த மருந்து எதுவும் கிடையாது: நாளையும் இடத்தையும் நினைவூட்டிப் பேசுவது, கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கிடைக்கச் செய்வது, போதிய நீர் அருந்தச் செய்வது, நடக்க வைப்பது, மருந்தில்லாமல் உறங்க வைப்பது. குடும்பத்தினரும் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

கைகளைக் கட்டுவதைப் பற்றி என் கருத்து உறுதியானது. கட்டப்பட்டவர் ஏன் கட்டப்பட்டோம் என்று புரியாமல் மேலும் திமிறுகிறார், குழப்பம் கூடுகிறது, தோலும் புண்படுகிறது. வேறு வழியே இல்லாத நிலையில், மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டுமே அது இடம்பெற வேண்டும். இரவில் குடும்பத்தினர் ஒருவர் அருகில் இருக்க அனுமதி கேளுங்கள். ஊசி குத்திய இடத்தைத் துணிக்கட்டால் சுற்றிக் கண்ணில் படாமல் மறைக்க முடியுமா, டிரிப்ஸ் இன்னும் தேவைதானா என்றும் கேளுங்கள். பூச்சி இல்லை என்று அவரோடு வாதிட வேண்டாம். "நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டாலே பலர் அடங்கிவிடுவார்கள்.

டெலிரியத்தின் இன்னொரு வடிவத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். எந்தக் கலவரமும் இன்றி, பகல் முழுவதும் கண் மூடிக் கிடந்து, அழைத்தால் மந்தமாகப் பதில் சொல்லும் முதியவரை "தொந்தரவே தராதவர்" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவருக்கும் இதே நோய் இருக்கலாம். அது கவனத்துக்கு வராமலேயே போகிறது என்பதால் ஆபத்து கூடுதல்.

கேள்வி: என் மாமியாருக்கு 82 வயது. கைத்தாங்கலாக நடப்பார். சேர்த்த அன்றே டயப்பர் அணிவித்துவிட்டார்கள். "அதிலேயே போய்விடுங்கள்" என்று சொன்னபோது அவர் அழுதுவிட்டார். அதன் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை.

அவர் தண்ணீரைத் தவிர்ப்பதன் காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது, மருத்துவருக்கும் அது தெரிய வேண்டும். கழிப்பறைக்குப் போக வழியில்லாத முதியவர்கள் தாமாகவே நீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் மலச்சிக்கலும், சிறுநீர்த் தொற்றும், எழுந்தால் தலைச்சுற்றலும் தொடர்கின்றன. சிறுநீரை அடக்கத் தெரிந்தவருக்கு டயப்பர் போடுவது, வாழ்நாள் முழுவதும் அவர் காத்துவந்த ஒன்றைப் பறிப்பதாகும். ஈரம் படிந்த தோல் விரைவில் கன்றிப் புண்ணாகும் என்பது இன்னொரு காரணம்.

செவிலியர் பொறுப்பாளரிடம் இப்படிக் கேளுங்கள்: "இவர் துணையோடு நடப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், சாப்பிட்ட பிறகும், உறங்கும் முன்பும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்ய முடியுமா?" தொலைவாக இருந்தால், கட்டிலருகே காமோடு நாற்காலி வைக்கச் சொல்லலாம். அழைப்பு மணி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதை நீங்களே ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு நகருங்கள். மணி கட்டிலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ வார்டுகளில் பார்த்திருக்கிறேன். பெட்பேன் தவிர்க்க முடியாதது என்றால், திரையை முழுவதுமாக இழுத்து மூடி, இடுப்புக்கு மேல் போர்வை போர்த்தி, தேவையானவரைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும். உடல் துடைக்கும்போது பெண் பணியாளர் வேண்டும் என்று அவர் விரும்பினால், அதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

டயப்பருக்குப் பதிலாகச் சிறுநீர்க் குழாய் போட்டுவிடலாம் என்று யாரேனும் சொன்னால், அதற்கான மருத்துவக் காரணத்தைக் கேளுங்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. பணியாளரின் வசதி மட்டும் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால், "இன்று எடுத்துவிடலாமா?" என்று தினமும் ரவுண்ட்ஸின்போது கேளுங்கள்.

கேள்வி: பல்செட், கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவை தொலைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். சரியா?

சரியல்ல. கொண்டுசெல்லுங்கள். மூடியுள்ள பெட்டிகளில் பெயரும் படுக்கை எண்ணும் ஒட்டிவையுங்கள். பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைப்பதால்தான் அது தட்டோடு குப்பைக்குப் போகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்பு காதுக் கருவியைக் கழற்ற வேண்டும். முடிந்ததும் அதை மறுபடி காதில் பொருத்த நினைவூட்டுங்கள்.

கேள்வி: மருத்துவர் வரும்போது என் தந்தையின் கட்டிலுக்கு இப்புறம் நின்று என்னிடமே எல்லாவற்றையும் பேசுகிறார். செவிலியர்கள் அவரைக் குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சிப் பேசுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் கூனிக்குறுகிப் போகிறார்.

மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால், நீங்கள் தந்தையின் பக்கம் திரும்பி, "அப்பா, டாக்டர் கேட்கிறார், நீங்களே சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். முதியவர்கள் பதிலைத் திரட்டிக்கொள்ளச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். அந்த இடைவெளியை நாம் நிரப்பிவிடுவதால்தான் அவர்கள் பேசாமலாகிறார்கள். விட்டுப்போனதை அவர் பேசி முடித்த பிறகு நீங்கள் சேர்க்கலாம்.

கொஞ்சல் மொழி பெரும்பாலும் அன்பினால்தான் வருகிறது. ஆனால், மறதிநோய் உள்ள முதியவர்களிடம்கூட அத்தகைய பேச்சு பராமரிப்புக்கு எதிர்ப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவரை எப்படி அழைக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "37 ஆண்டுகள் பள்ளி ஆசிரியர், இடது காது மந்தம், செய்தித்தாள் படித்துவிட்டுத்தான் காலை உணவு" என்பதுபோல் நான்கைந்து வரிகளும் சேர்த்து எழுதலாம். புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது தமக்குச் சிகிச்சை தர வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கண்ட பிரிட்டன் முதியோர் மருத்துவர் கேட் கிரேஞ்சர், 2013இல் ஒவ்வொரு மருத்துவப் பணியாளரும் தம் பெயரைச் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நோயாளியைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைப்பதும் அதன் மறுபக்கம்தான்.

கேள்வி: விழுந்துவிடுவார் என்பதற்காக என் தாயைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. நல்லதுதானே?

நல்லதன்று. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள்கள் முழு ஓய்வில் படுக்கவைத்த ஓர் ஆய்வில், கால்களின் தசை ஏறத்தாழ 1 கிலோ குறைந்தது. நோயாளிக்கு அதைவிட விரைவாக வலு போகும். மருத்துவர் தடை சொல்லாத வரை, சாப்பாட்டையாவது நாற்காலியில் உட்கார்ந்து உண்ணச் செய்யுங்கள். எழுப்பும்போது கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகே எழுந்து நிற்கச் செய்யுங்கள். வழுக்காத காலணி அவசியம். குழப்பத்தில் இருப்பவர் கட்டிலின் பக்கக் கம்பிகள் மீது ஏறிக் குதிக்கக்கூடும் என்பதால், கம்பிகளை உயர்த்துவது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. படுத்தே இருக்கும் நேரத்தில் குதிகாலையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் வெளுக்காவிட்டால், படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கடினத்தன்மையும் வலியும்தான் அடையாளம். அந்த இடத்தைத் தேய்க்காமல், அழுத்தம் படாதபடி படுக்கும் நிலையை மாற்றி, செவிலியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மறதிநோய் முற்றிய என் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் "இல்லை" என்றே சொல்கிறார்.

அவர் கேள்வியைப் புரிந்துகொண்டுதான் "இல்லை" என்கிறாரா என்பது தெரியாது. ஆகவே உடலைப் பாருங்கள். மூச்சு, முனகல், முகச் சுளிப்பு, உடல் இறுக்கம், தேற்றினால் தணிகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் மதிப்பிட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் அளவுகோல் ஒன்று 2003 முதல் உள்ளது. பக்கம் திருப்பும்போதும் கால் அசைக்கும்போதும் பார்ப்பது முக்கியம், ஏனெனில் அசையாமல் கிடக்கும்போது வலி தெரியாது. திருப்புவதற்கு முன்பே வலி மருந்து தர முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: தந்தைக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். தவறா?

உங்கள் நோக்கத்தில் தவறில்லை, ஆனால் இந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். வீட்டார் அறையை விட்டு வெளியே போய்ப் பேசுவதையும், தம் எதிரில் பேச்சு நின்றுபோவதையும் முதியவர்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். பலர் உண்மையை ஊகித்துக்கொண்டு, உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார்கள். முதலில் அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "உங்கள் உடல்நிலை பற்றி எல்லாவற்றையும் நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?" தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னால், அந்த விருப்பத்தையும் மதிக்கலாம். தெரிந்துகொள்ள விரும்பினால், மருத்துவர் உட்கார்ந்து, அவர் காதுக் கருவி அணிந்திருக்கும் வேளையில், மற்ற நோயாளிகளுக்குக் கேட்காத இடத்தில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாளில் அவர் பெரும்பகுதியைக் காதில் வாங்கியிருக்க மாட்டார். மறுநாள் அவருக்கு எழும் கேள்விகளுக்காக மருத்துவரிடம் இன்னொரு நேரத்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.