‘ஃபங்கஸ் கிடையாது’ என்று விற்ற லென்ஸ்

கேள்வி: கல்யாணப் படமெடுப்பது என் தொழில். ஆன்லைன் விளம்பரத்தில் ‘கண்ணாடி கிளீன், ஃபங்கஸ் கிடையாது’ என்றிருந்த பழைய கேனான் 70-200 லென்ஸுக்கு யுபிஐயில் 32,000 ரூபாய் அனுப்பினேன். கூரியரில் வந்த மறுநாள் பார்த்தால் உள்ளே ஃபங்கஸ் (கண்ணாடியில் படரும் பூஞ்சை). ‘பழைய பொருள், திரும்ப எடுக்க மாட்டேன்’ என்கிறார் விற்றவர். என்ன வழி?

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயவுசெய்து லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். கழற்றித் துடைத்தால் ஆதாரம் போய்விடும். பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிடவும் அவருக்கு இடம் கிடைக்கும். சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 42-ன்படி, நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். எனவே இன்றே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் மறுப்பை எழுதுங்கள். எழுதிவிட்டால், பொருளை நீங்களே திருப்பியனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை (பிரிவு 43).

விளம்பரத்தை அவர் நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் வழக்கே அந்த ‘ஃபங்கஸ் கிடையாது’ என்ற இரண்டு சொல்லில்தான் நிற்கிறது. பிறகு வெட்டாத ஒரே வீடியோ: முதலில் லென்ஸின் சீரியல் எண், அடுத்து பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சாய்வாக டார்ச் அடித்து உள்ளே. தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். ஃபங்கஸ் சிலந்தி நூல்போலக் கிளைவிடும். இந்த வித்தியாசம் வீடியோவில் தெரிய வேண்டும். இது ஒரே இரவில் வளர்வதில்லை. ஆகவே கூரியரில் வந்தபிறகு பிடித்தது என்று அவர் சொன்னால் எடுபடாது. லென்ஸ் பழுதுபார்ப்பவரிடம், திறக்காமலேயே, இதை எழுத்தில் வாங்குங்கள்.

அவர் பழைய லென்ஸ்களை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவரா? அப்படியென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ‘வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். சுயதொழிலால் பிழைப்பு நடத்தவே வாங்கியதாகப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அத்தகையவரையும் நுகர்வோராகவே கொள்கிறது.

சொந்த லென்ஸை ஒருமுறை விற்ற தனிநபர் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே, சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்ற, சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 15 உங்களுக்குத் துணை. பழைய பொருள் என்பதால் மட்டும் அது பொருந்தாமல் போகாது. அவர் எதுவுமே சொல்லாமல், நீங்கள் நேரில் பார்த்து வாங்கியிருந்தால் வழக்கு பலவீனமாகியிருக்கும்.

காவல் நிலையத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஆரம்பம் முதலே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் அது மோசடிக் குற்றம். முதலில் 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 32,000 ரூபாயோடு கூரியர் செலவையும் பழுதுபார்ப்பவர் அறிக்கைக்கான செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.