ஒற்றைத் தோட்டா ரைபிள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

19-ஆம் நூற்றாண்டு ஒற்றைத் தோட்டா ரைபிள்களின் இன்றைய நகல்களைத்தான் பல வருடமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம். உரிமம், சட்டம் மட்டும் வேண்டாம். அது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் அதிகாரிகளிடமே கேளுங்கள்.

கேள்வி: ஷார்ப்ஸ், ரோலிங் பிளாக், ஹை வால். முதல் ரைபிளாக எது வாங்கலாம்?

பதில்: தோளில் வைத்துப் பார்த்து எது படிகிறதோ அது. ரோலிங் பிளாக்கில் பாகங்கள் குறைவு, சுத்தியல் விழும்போது அதுவே, குழலின் பின்வாயை மூடும் பிளாக்குக்கு அடியில் போய் முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும், பார்க்கவே அழகு. 1874 ஷார்ப்ஸின் சுத்தியல் பெரியது, விழும்போது ரைபிளே லேசாக அசையும், அதற்குக் கை பழக வேண்டும். ஹை வால் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1879 காப்புரிமை. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். பெடர்சோலி, உபெர்ட்டி என்று இத்தாலிய நகல்கள் நிறைய உண்டு; அமெரிக்காவில் மொன்டானாவின் பிக் டிம்பரில் ஷைலோவும் சி. ஷார்ப்ஸும் செய்கிறார்கள். எதை வாங்கினாலும் முதல் வேலை, மெத்தென்ற ஈயத் துண்டை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பது. குண்டு அந்த அளவோ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடவோ இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் "குழல் சரியில்லை" என்று என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய 45-70 தோட்டாவை டிராப்டோர் (பின்பக்கக் கதவு மேலே திறக்கும் பழைய ரைபிள்) நகலில் சுடலாமா?

பதில்: எந்தத் தோட்டா என்பதுதான் விஷயம். 45-70 என்ற பெயர் (0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் கருமருந்து, அதாவது பழைய காலக் கரிய வெடிமருந்து சுமார் நாலரை கிராம்) 1873-இலிருந்து ஒன்றுதான், உள்ளே இருக்கும் அழுத்தம் ஒன்றல்ல. டிராப்டோர் அமைப்பு தாங்குகிற மென்மையான தோட்டாவும் இருக்கிறது, இன்றைய பலமான ரைபிள்களுக்கு மட்டும் என்று பெட்டியிலேயே எழுதி விற்கிறதும் இருக்கிறது. இரண்டாவது உங்கள் டிராப்டோருக்குள் போகவே கூடாது. இரும்பு புதிதாக இருக்கலாம், வடிவமைப்பு பழையதுதான்.

கேள்வி: முன்பக்கம் நிரப்புகிற ரைபிளில் கொஞ்சமாகப் புகையில்லா மருந்து (இன்றைய தோட்டாக்களின் வெடிமருந்து) போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: முதல் ஐந்து குண்டு ஒரே இடத்தில் விழுகிறது, அப்புறம் சிதறுகிறது. கருமருந்துதான் சுடுகிறேன்.

பதில்: இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்! கருமருந்து எரிந்த கரி குழலுக்குள் காய்ந்து கட்டியாகிவிட்டது, குண்டு அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு பின்பக்கம் திறந்து, குழல் காலி என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கமிருந்தே ஊதுங்கள். காலித் தோட்டாக்கூட்டின் அடியைத் துளைத்து ரப்பர் குழாய் செருகினால் ஊதுகுழல் தயார். நிதானமாக நாலைந்து மூச்சு. வெயிலும் வறட்சியும் இருந்தால் இன்னும் இரண்டு. மூச்சின் ஈரம் கரியை இளக்கிவிடும். குண்டின் பள்ளங்களில் மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த மசகு இருக்கட்டும், பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், கரியோடு சேர்ந்து தாராகிவிடும். அப்புறம், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடம் விடாதீர்கள். இன்றைய கூட்டில் 70 கிரெயின் கருமருந்து அமுக்காமல் அடங்காது. அதற்கான அச்சால் அமுக்குங்கள். குண்டை வைத்து அழுத்தினால் மெத்தென்ற ஈயம் நசுங்கும், பிறகு சிதறத்தான் செய்யும்.

கேள்வி: 1874-இல் நியூயார்க்கின் கிரீட்மூர் சுடுதளத்துப் போட்டியில், முன்பக்கம் நிரப்புகிற ரைபிளோடு வந்த அயர்லாந்தை அமெரிக்கர்கள் வென்றது பின்பக்கம் நிரப்புகிற ரைபிளால்தானே?

பதில்: 934-க்கு 931. மூன்றே புள்ளி! அயர்லாந்தின் மில்னர் பக்கத்துக் குறிப்பலகையில் நடுவட்டத்தைச் சுட்டார், அதற்குப் பூஜ்யம். தன் பலகையில் விழுந்திருந்தால் நாலு புள்ளி, 935. ரைபிளா ஜெயித்தது?

கேள்வி: பலகை மாறிச் சுட்டதும் சுடுபவர் தப்புதானே அண்ணா?

பதில்: நானும் அதைத்தானே சொல்கிறேன்? ஆளின் தப்பு. ரைபிளுக்கு ஏன் மாலை?

கேள்வி: அப்படியானால் 1875-இல் டப்ளின் பக்கம் டாலிமவுண்டில் நடந்த மறுபோட்டி? அயர்லாந்து மண்ணிலேயே 967-க்கு 929.

பதில்: ம்... 38 புள்ளியைப் பலகை மாறிய கணக்கில் எழுத முடியாது. சரி, இதில் பாதி உங்களுக்கு. மீதிப் பாதி ஆட்களுக்கு. அந்த ஓராண்டில் அமெரிக்கர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இதை இத்தோடு விடுவோம், கீழே கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: தாத்தா காலத்து அசல் ஷார்ப்ஸுக்கு என்ன விலை வரும்?

பதில்: நான் சுடுகிறவன், சேகரிப்பவன் இல்லை. பழம்பொருள் மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள். அதுவரை அதில் சுடாதீர்கள்.

கேள்வி: ஷார்ப்ஸில் இரண்டு விசை இருக்கிறதே, எதை இழுப்பது?

பதில்: பின்னதை இழுத்தால் 'டிக்' என்று செட் ஆகும், அதன்பின் முன்னதைத் தொட்டாலே வெடிக்கும். தொட்டாலே என்றால் தொட்டாலே! செட் செய்தபின் சுட மனமில்லை என்றால் முதலில் பின்பக்கம் திறக்கும் நெம்புகோலை இறக்கித் தோட்டாவை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: வீட்டில் கருமருந்து இல்லை, புகையில்லா மருந்தை அதே அளவு கண்ணால் பார்த்து...

பதில்: மேலே ஒரு வார்த்தையில் சொன்னதைப் படித்தீர்களா? உங்களுக்காக நீட்டிச் சொல்கிறேன். கருமருந்து அளவில் அதை ஊற்றினால் அழுத்தம் பல மடங்கு ஏறும், குழலும் விரலும் முகமும் போகும். முன்பக்கம் நிரப்புகிற ரைபிளில் எந்த அளவிலும் கிடையாது. தோட்டா ரைபிள் என்றால் அதற்கென்று அச்சிட்ட கையேட்டின் எடைப்படி, தராசில் நிறுத்துத்தான்.

கேள்வி: சுத்தம் செய்ய எந்த விலையுயர்ந்த திரவம் நல்லது?

பதில்: தண்ணீர். அன்றைக்கே. பிறகு துடைத்து, காயவைத்து, லேசாக எண்ணெய்.

கேள்வி: எல்லாம் படித்தேன். கடைசியாக, ஷார்ப்ஸா, ரோலிங் பிளாக்கா, ஹை வாலா?

பதில்: முதல் கேள்வி. மேலே போங்கள்.