அதிகம் பேசாதவர் நிதி ஆலோசனைக் குழுவை நடத்த முடியுமா?

எம்பிடிஐ என்ற ஆளுமைச் சோதனையில் 'அகமுகர்' (இன்ட்ரோவர்ட்) என்று வந்திருக்கிறது, தி.நகர் கிளையில் ஆறு ஆலோசகர்களுக்குத் தலைவராகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. அந்தச் சோதனை காட்டுவது நாட்டத்தை, திறமையை அல்ல.

2020 மார்ச் 23, பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி சரிந்தது. மயிலாப்பூர் மாமா ஒருவர் போனில், "எல்லாத்தையும் வித்துடுங்கோ!" என்று பதறினார். எங்கள் குழுத் தலைவரும் அதிகம் பேசாதவர்தான்; பரம அமைதி. பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "இந்தப் பணம் எப்ப வேணும் சார்?" என்றார்.

"பேத்தி கல்யாணத்துக்கு. அஞ்சாறு வருஷமாகும்."

விற்கவில்லை.

ஆனால் அதே மனிதர் ஜூனியர்களை வாய்விட்டுப் பாராட்டியதே இல்லை. இரண்டு நல்ல பையன்கள் வேலையை விட்டுப் போனார்கள். பாராட்ட வேண்டியதையும் டைரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைதான், பரவாயில்லை.